உறுப்பினர் எண் 412

அந்தப் பொது நூலகத்தில் அனுமதிக்கப்பட்ட சத்தங்கள் இரண்டு. ஒன்று, மூன்று இறக்கையில் ஒன்று வளைந்துபோன மின்விசிறி. இன்னொன்று, நாளிதழ் மேசையில் தலைசாய்த்துத் தூங்கும் ஓய்வுபெற்ற தபால்காரரின் குறட்டை. அவர் தலைக்கு நேர் மேலே ‘அமைதி காக்கவும்’ என்ற பலகை தொங்கியது. அதைப் படித்தவர்கள் அவரை எழுப்பாமல் போய்விடுவார்கள்.

வாசலைத் தாண்டினால் கவுண்டர். கவுண்டரில் பத்தொன்பது வருடமாக அக்கா. அவளைவிட இருபது வயது மூத்த தபால்காரர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார். புத்தகத்தை வாங்கி, பின்னட்டையைத் திறந்து, தேதி முத்திரையை ஒரு குத்துக் குத்தி, “அடுத்தவங்க” என்பாள். மத்தியானத்தில் முதுகு பிய்ந்த புத்தகங்களுக்குப் பசை தடவித் துணி ஒட்டுவாள். அடிபட்டு வருகிறவற்றில் பாதி காதல் கதைகள், மீதி சட்டப் புத்தகங்கள். இரண்டுக்கும் ஒரே பசைதான்.

போன வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு திட்டம் வந்தது. ‘கைமாற்று வாசிப்பு’ என்று பெயர். புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர் ஒரு சீட்டு நிரப்ப வேண்டும். சீட்டில் மூன்றே வரி: உறுப்பினர் எண், இந்தப் புத்தகம் யாருக்குப் பொருந்தும், ஏன். அதைக் கவுண்டரில் பார்த்து, பொருத்தமான ஆள் வரும்போது புத்தகத்துக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும். மாதம் முப்பது சீட்டின் நகல் மேலே போக வேண்டும். போகாவிட்டால் விளக்கம் கேட்பார்கள்.

முதல் மாதம் இரண்டு சீட்டு வந்தது. ஒன்றில் ‘யாருக்கும் பொருந்தாது, எழுத்து பொடிசு’ என்று இருந்தது. மற்றதில், ‘என் மாமியாருக்கு, நல்ல கனம்’ என்று இருந்தது.

நூலகர் ஐயா இரண்டையும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை, மாட்டிக்கொண்டு ஒருமுறை பார்த்தார்.

“முப்பது வேணும்மா.”

“யாரும் எழுத மாட்டேங்கறாங்க ஐயா.”

“எப்படி வரும்னு நான் கேக்கல. நீங்களும் சொல்ல வேண்டாம்.”

இதைவிடத் தெளிவாக ஓர் உத்தரவு போட முடியாது. அக்கா எழுத ஆரம்பித்தாள். பெண் உறுப்பினர் எண்ணுக்கு வலது கையால், ஆண் உறுப்பினர் எண்ணுக்கு இடது கையால். இடது கை எழுத்து கோணல்மாணலாக, அவசரத்தில் இருக்கிற ஆம்பளை எழுத்துபோலவே வந்தது. எழுத எழுதத்தான் தனக்கு அப்படி ஒரு கை இருப்பதே அவளுக்குத் தெரிந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவருக்கு மரம் வளர்ப்பதைப் பற்றி ஒரு புத்தகம், உள்ளே ஒரு சீட்டு: ‘எந்நேரமும் ஓடிக்கொண்டிருப்பவருக்கு. ஏன்: மரம் அவசரப்படாது.’ அவர் அந்தப் புத்தகத்தை மூன்று தடவை புதுப்பித்தார். ஊரில் யாரோ தன்னை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நாற்பது பேர் நம்பினார்கள். நூலகத்துக்கு ஒரு கேடயம்கூட வந்தது. சுவரில் ஆணி இல்லாததால் அதைக் கழிப்பறைச் சாவிக்கு ஸ்டாண்டாக வைத்திருந்தார்கள்.

அந்தக் கேடயத்தோடு ‘சிறந்த வாசகர்’ சான்றிதழும் ஒன்று வந்தது. அதிகப் புத்தகம் எடுத்தவர் உறுப்பினர் எண் 412. அவர் பஸ் ஸ்டாண்டு எதிரில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து வாட்ச் ரிப்பேர் செய்கிறவர். வாரம் மூன்று புத்தகம் எடுப்பார். புத்தகத்தின் பெயரைப் பார்க்க மாட்டார், கையில் தூக்கித்தான் பார்ப்பார். “இது லேசா இருக்கே அக்கா, இன்னும் தடியா இல்லையா?” என்பார். வாட்ச் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டினால் ஒரு ராத்திரி முழுக்க அதன் மேல் கனம் இருக்க வேண்டும். அதற்காகத்தான். இது அக்காவுக்கு மட்டும் தெரியும். அவருடைய போட்டோவைச் சான்றிதழோடு சட்டம் போட்டு நுழைவாயிலில் மாட்டினார்கள். ஒரு நகலை அவர் தன் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டார். வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ் அது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

அக்காவின் வீடு நூலகத்திலிருந்து ஆறு தெரு தள்ளி. அப்பா விட்டுப்போன வீடு. நடுவில் ஒரு சுவர் எழுப்பி, முன்பக்கம் தம்பி குடும்பம், பின்பக்கம் அவள். ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் டம்ளர் வைத்தால் இந்தப் பக்கம் கேட்கும்.

தம்பி டயர்க்காரன். லாரி டயரை இரும்பு நெம்புகோலால் கழற்றி மாட்டுகிற வேலை. முன்னங்கை இரண்டும் உலக்கைபோல இருக்கும். அம்மா செத்தபோது அவனுக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினாலு. அவள்தான் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். அவன் எட்டாவதோடு நின்றான். கல்யாணம் ஆகி நாலு வருடம். பெண்டாட்டியை அடிக்க ஆரம்பித்தும் நாலு வருடம்தான். அந்த ஒரு விஷயத்தில் அவன் தாமதித்ததில்லை.

காரணம் என்று எதுவும் கிடையாது. சோறு குழைந்தால் அடிப்பான். குழையாவிட்டால், “பல்லை உடைக்கப் பார்க்கறியா” என்று அடிப்பான். சாயங்காலம் ஆறரைக்குக் கடையிலிருந்து வந்து, கையை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, டீ குடித்து, பழைய டியூபை நீளமாக வெட்டி வைத்திருந்த வாரை ஆணியிலிருந்து எடுப்பான். ரப்பர் வார் காற்றில் விசிறும்போது சத்தமில்லை. உடம்பில் விழும்போதுதான் சத்தம். ஈரத்துணியைக் கல்லில் அறைவதுபோல. மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் வீட்டம்மா படியில் நின்று, “அடிக்கிற கைதான் அணைக்கும்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவாள். நாலு வருடத்தில் அந்தக் கைக்கு இரண்டாவது வேலைக்கு நேரம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

முதல் வருடம் அக்கா ஒருமுறை கேட்டாள்.

“எதுக்குடா அவளைப் போட்டு அடிக்கறே?”

“அவ சொன்னாளா?”

“எனக்குக் காது இல்லையா?”

“உன்கிட்ட வந்து மூட்டிவிட்டாளா இல்லையா, அதைச் சொல்லு.”

அன்றைக்கு விழுந்தது வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. ஒவ்வொரு அடிக்கும், “அக்காகிட்டப் போய்ச் சொல்லுவியா” என்று ஒரு கேள்வியும் சேர்ந்து வந்தது. தான் வாயைத் திறந்தால் அவளுக்குத்தான் கேடு என்று அக்கா முடிவு செய்தாள். நியாயமான முடிவுதான். நியாயமான முடிவுகளில் ஒரு வசதி, அதற்குப் பிறகு டீயைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கலாம்.

வீட்டில் நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை. நூலகத்தில்தான் பேச்சு. தம்பி பெண்டாட்டி வியாழக்கிழமை காய்கறிப் பையோடு வருவாள். முழுக்கை ரவிக்கை, வெயில் காலத்திலும். குனிந்த தலையோடு நுழைவாள், நுழைவாயில் சுவரை நிமிர்ந்து பார்த்ததில்லை. இரண்டு பேரும் அங்கே முன்பின் தெரியாதவர்கள் மாதிரி.

“புத்தகம் எடுத்தாச்சா?”

“நீங்களே ஏதாவது குடுங்க. எனக்கு எதுன்னு தெரியல.”

“இது ஒருத்தர் படிச்சுட்டுச் சிபாரிசு பண்ணினது. உள்ள சீட்டு இருக்கு.”

அந்தச் சீட்டுகளை எந்த எண்ணில் எழுதுவது என்று அக்கா யோசித்தபோது, விரல் நுனியிலேயே இருந்த எண் 412தான் முதலில் வந்தது. அடுத்த சீட்டையும் அதே எண்ணில் போட்டாள். எண் மாறிமாறி வந்தால் யாரோ எழுதுகிறார்கள் என்று இருக்கும். ஒரே எண்ணில் வந்தால் ஓர் ஆள் இருப்பதுபோல் இருக்கும் அல்லவா.

ஐந்து மாதத்தில் ஐந்து புத்தகம், ஐந்து சீட்டு. ஊர்விட்டு ஊர் போய் நர்ஸ் ஆன ஒருத்தியின் கதையில் வைத்த சீட்டு இப்படி இருந்தது: ‘யாருக்கு: முழுக்கை போட்டிருப்பவருக்கு. ஏன்: இதில் வரும் பெண் 61ஆம் பக்கத்தில் பெட்டியை எடுக்கிறாள். எல்லாப் பெண்களும் 61ஆம் பக்கம்வரை வரவேண்டும்.’

எழுதி முடித்தபோது தான் பெரிய காரியம் ஒன்று செய்துவிட்டதாக அக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த வியாழக்கிழமை தம்பி பெண்டாட்டி, உறுப்பினர் எண் 1178, அந்தப் புத்தகத்தைப் புதுப்பிக்கக் கொண்டுவந்தாள்.

“இந்த நானூத்திப் பன்னெண்டு யாருன்னு சொல்லக்கூடாதா?”

“விதிப்படி சொல்லக்கூடாது.”

“நல்லவரா?”

அக்கா முத்திரையைக் குத்தினாள். “படிப்பாளி,” என்றாள்.

தம்பி பெண்டாட்டி சிரித்தாள். கீழுதட்டில் பழைய தையல் இருந்ததால் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் போயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் தம்பி, சட்டைக்குப் பட்டன் தேடப் போய், அலமாரித் தட்டில் விரித்திருந்த செய்தித்தாளைத் தூக்கினான். அடியில் ஐந்து சீட்டு, வரிசையாக, மடிப்புக் குலையாமல்.

சுவருக்கு இந்தப் பக்கம் அக்கா டீயில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து தம்பி எழுத்துக்கூட்டிப் படிப்பது கேட்டது. சின்ன வயதில் அவள்தான் அவனுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தாள். அதே இழுவை, அதே திக்கல்.

“மு-ழுக்-கை போட்-டிருப்-பவருக்கு.” தாள் புரண்டது. “யாருடி இவன்?”

“லைப்ரரிச் சீட்டுங்க. எல்லாருக்கும் தர்றாங்க.”

“எல்லாருமா முழுக்கை போடறாங்க?”

அலமாரிக் கதவு அறைந்து மூடும் சத்தம்.

“யாருடி நானூத்திப் பன்னெண்டு?”

“தெரியாதுங்க.”

“பேரு தெரியாது. மூஞ்சி தெரியாது. நம்பர் போட்டு எழுதறான், நீ பேப்பருக்கு அடியில வச்சுப் பாதுகாக்கறே.”

முதலில் வார். ஈரத்துணிச் சத்தம். எண்ணக்கூடாது என்று அக்கா நினைத்தாள். பதினொன்று வரை எண்ணினாள். பிறகு வார் கீழே விழுந்தது. கை. ஏதோ ஒன்று சுவரில் மோதியது. அக்காவின் பக்கம் மாட்டியிருந்த நாள்காட்டி ஆடியது. மறுபடி மோதியது. அது தலை என்று புரிவதற்கு அவளுக்கு இரண்டு மோதல் பிடித்தது. நாள்காட்டியிலிருந்து அன்றைய தேதி கழன்று விழுந்தது.

“சொல்லுடி. யாரு. எங்க வேலை. சொல்லு.”

“என்னைக் கொன்னாலும் தெரியாதுங்க. தெரிஞ்சா நான் போயிருக்க மாட்டேனா.”

அதற்குப் பிறகு கேட்டது, முற்றின காயை இரண்டாக உடைக்கிற மாதிரி ஒரு சத்தம். உள்ளங்கையைக் குழித்துக் காதில் அறைந்தால் அப்படித்தான் கேட்கும்.

அக்கா எழுந்தாள். கதவுவரை போனாள். நான்தான் எழுதினேன் என்பது இரண்டே சொல். கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் அடங்கியதும், அடங்கிவிட்டது என்று திரும்பி வந்தாள். டீயில் ரொட்டி கரைந்துபோயிருந்தது.

காலையில் குழாயடியில் தம்பி பெண்டாட்டி குந்தி உட்கார்ந்து, இடது காதில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். துண்டில் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது.

“ஆஸ்பத்திரி போலாமா?”

அவள் வலது பக்கத்தைத் திருப்பி, “என்ன?” என்றாள்.

“ஆஸ்பத்திரி.”

“நீங்க வேலைக்குப் போங்க அண்ணி. நேரமாச்சு.”

அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையிலேயே நேரம் ஆகியிருந்தது. நூலகத்துக்கு விடுமுறை வெள்ளிக்கிழமைதான். அக்கா போனாள்.

பத்தரைக்குத் தம்பி நூலகத்துக்குள் வந்தான். வாழ்க்கையில் முதல் தடவை. கையில் நெம்புகோல். செருப்பை வெளியே விட வேண்டும் என்பதைப் படித்து, செருப்பை மட்டும் விட்டுவிட்டு வந்திருந்தான். கவுண்டரில் நின்ற அக்காவை ஏதோ தூண்போலக் கடந்து நூலகர் ஐயாவிடம் போனான்.

“நானூத்திப் பன்னெண்டு யாரு?”

“உறுப்பினர் விவரம் ரகசியம் தம்பி. விண்ணப்பம் எழுதிக் குடுத்தா மேல அனுப்பறேன். ஒரு மாசத்துல பதில் வரும்.”

தம்பி நெம்புகோலை மேசைமேல் வைத்தான். மேசைக் கண்ணாடி குறுக்கே ஒரு கோடு விட்டது. தபால்காரர் விழித்து, பலகையைப் பார்த்து, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

“இதான் விண்ணப்பம்.”

நூலகர் ஐயா பயந்தார். ஆனாலும் விதியை மீறவில்லை. அதைப் பாராட்டத்தான் வேண்டும். அவர் வாயைத் திறக்கவே இல்லை. கண்கள் மட்டும் நுழைவாயில் பக்கம் போய்விட்டன. அங்கே சட்டம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழுக்கு முன்னால் அக்கா ஓடிப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

“நகருக்கா.”

“டேய், வீட்டுக்குப் போ. நான் சொல்றதைக் கேளு.”

“நீ என்னைக்குச் சொன்னே, நான் கேக்க.”

அவள் தோளுக்கு மேலே அவன் படித்தான். சிறந்த வாசகர். உறுப்பினர் எண் 412. போட்டோவில் வாட்ச்காரர், எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு, தடிப் புத்தகம் ஒன்றை மார்போடு அணைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டு எதிரில் தினமும் பார்க்கிற முகம். தம்பி போய்விட்டான். செருப்பைப் போட்டுக்கொள்ளவில்லை.

அக்கா கவுண்டரைத் தாண்டிக் கிளம்பினாள்.

“எங்கம்மா?” என்றார் நூலகர் ஐயா. “அனுமதி எழுதி வச்சுட்டுப் போங்க.”

இந்த இடத்தில் யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். ஆனால் பத்தொன்பது வருடமாக அனுமதி எழுதாமல் அவள் வாசல்படியைத் தாண்டியதில்லை. கால் நின்றுவிட்டது. திரும்பி வந்து, பதிவேட்டைத் திறந்து, ‘சொந்த வேலையாக ஒரு மணிநேர அனுமதி வேண்டுகிறேன்’ என்று எழுதி, தேதி போட்டு, பழக்க தோஷத்தில் முத்திரையும் குத்தினாள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது.

அந்த ஒரு நிமிடத்தில் நடந்ததைப் பக்கத்துச் சாவிக்கடைக்காரர் பிறகு ஸ்டேஷனில் சொன்னார்.

தம்பி கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்று, “நீதானே நானூத்திப் பன்னெண்டு?” என்றிருக்கிறான். வாட்ச்காரர் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே, “ஆமாம் தம்பி, வாங்க,” என்றிருக்கிறார்.

“என் பொண்டாட்டிக்கு என்னடா எழுதினே?”

“உங்க பொண்டாட்டி யாருன்னே எனக்குத் தெரியாதே.”

“படிப்பாளிதானே நீ? போட்டோ போட்டுத் தொங்க விட்டிருக்கே.”

“ஐயோ, நான் படிக்கறதே இல்ல தம்பி. கண்ணாடி ஒட்டினா மேல வைக்கக் கனம் வேணும். அதுக்குத்தான் புத்தகம் எடுக்கறேன்.”

“கனத்துக்குப் புத்தகம் எடுக்கறியா. செங்கல் கிடைக்கலையா உனக்கு?”

“செங்கல் கீறிடும்.”

“அறுபத்தோராம் பக்கத்துல என்ன இருக்கு? அதைச் சொல்லு.”

“எந்தப் புத்தகத்துல?”

அவர் சொன்னதெல்லாம் உண்மை. அதனால்தான் ஒன்றையும் நம்ப முடியவில்லை. தம்பி கண்ணாடிப் பெட்டியை நெம்புகோலால் ஒரே அடியில் பொடியாக்கினான். வாட்ச்காரர் சிறந்த வாசகர் சான்றிதழைக் காப்பாற்றக் கையை நீட்டினார். இரண்டாவது அடி அந்தக் கையில் விழுந்தது. பல்சக்கரத்தை முடியிழைபோல் எடுத்து வைக்கிற வலது கை விரல்கள் மூன்று, மேசை விளிம்புக்கும் இரும்புக்கும் நடுவில் நசுங்கின. அவர் கத்தவில்லையாம். தன் விரல்களையே ரிப்பேருக்கு வந்த சாமான்போல் உற்றுப் பார்த்தாராம். பூதக்கண்ணாடி அப்போதும் கண்ணில் இருந்திருக்கிறது.

மூன்றாவது அடிக்குத் தம்பி இரும்பை ஓங்கியபோது அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ச் சேர்ந்தாள். ஒரு கால் செருப்பு அறுந்து எங்கோ கிடந்தது.

“நான்தான்டா எழுதினேன்.”

“தள்ளிப் போக்கா.”

“அஞ்சும் நான் எழுதினது. அவரை விடு.”

“எவனையோ காப்பாத்த எதுக்குப் பொய் சொல்றே? இவன் உனக்கு என்ன உறவு?”

“உறவுதான் எனக்கு நீ ஒருத்தன் இருக்கியே, போதாதா?”

மேசைமேல் கண்ணாடித் தூளுக்கு நடுவில் ரசீதுப் புத்தகம் கிடந்தது. அக்கா பேனாவை இடது கையில் எடுத்தாள். ‘எல்லாப் பெண்களும் 61ஆம் பக்கம்வரை வரவேண்டும்’ என்று எழுதினாள். தம்பி பாக்கெட்டிலிருந்து சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். ஒவ்வொரு எழுத்தாக, உதடு அசைய, ஒத்துப்பார்த்தான். கூட்டம் முழுக்க ஒத்துப்பார்த்தது.

அவன் முகத்தில் கோபம் வடிந்துபோய், வேறு ஏதோ வந்தது. ஒருத்தன் இருந்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அடித்துப்போட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு போயிருக்கலாம். இப்போது யாரும் இல்லை. அவன்தான் இருந்தான்.

“எதுக்கு எழுதினே?”

“அவ போகட்டும்னு.”

“எங்க?”

“எங்கயாச்சும்.”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா.”

“முதல் வருஷம் சொன்னேன்.”

நெம்புகோலைக் கீழே போட்டுவிட்டுத்தான் அடித்தான். கூடப் பிறந்தவள் என்ற மரியாதை. முஷ்டி வாயில் விழுந்தது. அக்கா கண்ணாடித் தூள்மேல் உட்கார்ந்தாள். ஒரு பல் நாக்கின்மேல் தனியாகக் கிடந்தது. நாலு வருடம் சுவர் வழியாக எண்ணிய சத்தம், உள்ளே இருந்து கேட்டால் இப்படித்தான் இருக்குமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சத்தமே இல்லை. ஒரு வெளிச்சம் மட்டும்தான்.

அவனை ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் ஆறு பேர் பிடித்து, கம்பத்தில் சாய்த்து, போலீஸ் வருகிறவரை அவர்கள் பங்குக்கு அடித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் வீட்டில் அதே வேலை செய்கிறவர்கள் என்று ஊருக்குத் தெரியும். அதனால் அடி நன்றாகவே விழுந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு முதல் மாடி. வாட்ச்காரரைக் கீழே விட்டுவிட்டு, அக்கா வீட்டுக்குப் போய், குழாயடியில் அப்படியே உட்கார்ந்திருந்த தம்பி பெண்டாட்டியைக் கையோடு கூட்டிவந்தாள். இடது காதுச் சவ்வு கிழிந்து உள்காதும் அடிபட்டுவிட்டது, இனி அந்தக் காது கேட்காது என்றார் டாக்டர். புறங்கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். மத்தியான வெயில் கட்டில் கம்பிமேல் விழுந்துகொண்டிருந்தது. அக்கா வலது பக்கமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வீங்கின வாயால் எல்லாவற்றையும் சொன்னாள். திட்டம், முப்பது சீட்டு, இடது கை, தடிப் புத்தகம்.

தம்பி பெண்டாட்டி நல்ல காதை அவள் பக்கம் திருப்பிக் கேட்டாள்.

“அப்ப அந்த நானூத்திப் பன்னெண்டு, இல்லவே இல்லையா?”

“இருக்கார். கீழ வார்டுல. ஆனா அவருக்கு ஒண்ணும் தெரியாது.”

“நான் என்ன நினைச்சேன் தெரியுமா அண்ணி? ஆம்பளை, காதல், அந்தக் கண்றாவியெல்லாம் இல்ல. இந்த ஊர்ல எனக்குத் தெரியாத ஒருத்தருக்கு என் விஷயம் தெரிஞ்சிருக்குன்னு நினைச்சேன். அடி விழறப்பல்லாம், அந்த ஆளுக்குத் தெரியும், அந்த ஆளுக்குத் தெரியும்னு பல்லைக் கடிச்சுக்குவேன். எங்கயோ தூரத்துல இருக்கற ஆளாச்சே, வர முடியலன்னா தப்பில்லன்னு நினைச்சுக்குவேன்.”

“வாயத் திறந்தா உனக்கு இன்னும் விழுமேன்னுதான்.”

“என் தலை சுவத்துல மோதினது உங்களுக்குக் கேட்டுச்சா?”

அக்கா தலையை ஆட்டினாள்.

“எத்தனை தடவை?”

“ரெண்டு.”

அறை விழுந்தது. ஊசி குத்தியிருந்த கையாலேயே அறைந்தாள். ஊசி பிய்த்துக்கொண்டு வந்து, மருந்தும் ரத்தமுமாக அக்காவின் கன்னத்தில் ஒரு கோடு இழுத்தது. அடுத்த கட்டிலில் இருந்தவள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். தம்பி பெண்டாட்டி இன்னொன்று அறைந்தாள். அக்கா முகத்தைத் திருப்பவில்லை.

“கதவைத் தட்டியிருந்தாப் போதும் அண்ணி. ஒரு தட்டு. சர்க்கரை இருக்கான்னு கேட்டிருந்தாக்கூடப் போதும். நீங்க புத்தகத்துக்குள்ள எழுதி வச்சீங்க.”

நர்ஸ் ஓடிவந்து ஊசியை மறுபடி குத்தினாள்.

சாயங்காலம் ஒரு ஏட்டு பதிவேட்டோடு வந்தார். வாட்ச்காரர் கை விவகாரம் எழுதியாகிவிட்டது, வீட்டு விவகாரமும் எழுதலாமா, இல்லை சமாதானமாகப் போய்விடுகிறீர்களா என்று கேட்டார். இரண்டில் எது அவருக்குச் சுலபம் என்று குரலிலேயே தெரிந்தது.

“எழுதுங்க,” என்றாள் தம்பி பெண்டாட்டி.

“சாட்சி?”

“நான்,” என்றாள் அக்கா.

“நேர்ல பார்த்தீங்களா?”

“கேட்டேன்.”

“கேட்டது எப்படிம்மா சாட்சியாகும்? எத்தனை நாள் கேட்டீங்க?”

“நாலு வருஷம்.”

ஏட்டு பேனாவை நிறுத்தி அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அக்காவுக்கு இருந்தது.

“முதல் வருஷத்துலேர்ந்து சொல்லுங்க,” என்றார்.

அக்கா சொன்னாள். தேதி வாரியாக. பத்தொன்பது வருடம் தேதி குத்தியவளுக்குத் தேதி மறக்காது. எந்த நாள் வார், எந்த நாள் கை, எந்த நாள் எத்தனை. ஏட்டு மூன்று தடவை பேனாவுக்கு மை நிரப்பினார். தன் உடம்புக்கு நடந்ததை இன்னொருத்தி வாயால் கேட்டுக்கொண்டிருந்த தம்பி பெண்டாட்டி, கடைசியில் நல்ல காதையும் தலையணையில் அழுத்திக்கொண்டாள்.

நாலாம் நாள் அவள் ஆஸ்பத்திரியிலிருந்தே பஸ் ஏறினாள். வேறு ஊரில் இருக்கிற தன் தங்கை வீட்டுக்கு. அக்காவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அலமாரியிலிருந்து துணி எடுத்துவர மேல்மாடி வீட்டம்மாவைத்தான் அனுப்பினாளாம். அந்த அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்படி இறங்கும்போது பழமொழி எதுவும் சொல்லவில்லை என்று கேள்வி.

திங்கட்கிழமை மேல்மாடி வீட்டம்மா நூலகத்துக்கு வந்து நர்ஸ் கதையைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனாள். கெடு தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அக்கா பின்னட்டையைத் திறந்தாள். உள்ளே ஒரு சீட்டு, நிரப்பி இருந்தது. திட்டம் தொடங்கியதிலிருந்து கைமாற்று வாசிப்பில் தானாக வந்த மூன்றாவது சீட்டு.

உறுப்பினர் எண்: 1178.

இந்தப் புத்தகம் யாருக்குப் பொருந்தும்: சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு.

ஏன்: அவருக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும்.

அந்த மாதத்துக்கு அக்கா ஏற்கனவே இருபத்தொன்பது சீட்டு எழுதி வைத்திருந்தாள். இழுப்பறையிலிருந்து அவற்றை எடுத்து, நான்காகக் கிழித்து, பசைக் குவளைக்குப் பக்கத்தில் இருந்த கூடையில் போட்டாள். மாதக் கடைசியில் ஒரே ஒரு நகல் மேலே போயிற்று. பத்து நாளில் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. நூலகர் ஐயா கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, அதை அவள் பக்கம் தள்ளினார்.

“ஏதாவது எழுதிப் போடுங்கம்மா. உங்களுக்குச் சொல்லியா தரணும்?”

அக்கா வலது கையால் எழுதினாள்.

‘இந்த மாதம் ஒருவர்தான் எழுதினார். இதற்கு முன்பு அனுப்பியவற்றில் இரண்டைத் தவிர மற்ற அனைத்தும் நான் எழுதியவை.’

கீழே தன் பெயரைப் போட்டு, தேதி முத்திரையை எடுத்து, ஒரு குத்துக் குத்தினாள். தபால்காரர் திடுக்கிட்டு விழித்தார். இந்தத் தடவை அவர் திரும்பத் தூங்கவில்லை.